பதிலுக்கு விட்ட இடம்

அந்தப் பழைய நூலகத்துக்குள் நான் மறுபடியும் கால் வைத்தது ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணிக்கு. நல்ல வெயில். வாசலில் ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. காவலாளி செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே, “கூட்டத்துக்கா சார்? நேராப் போய் இடது கைப்பக்கம்” என்றார். எனக்கு வழி சொல்லத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியாது. அந்த இடது கைப்பக்க அறையில் ஐந்து வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான்.

வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் பகுதி நூலகர்கள் ஒன்பது பத்துப் பேர் கூடிப் பேசுவோம். காலையில் பட்டியலிடுவது பற்றி, பிறகு எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று, கடைசியில் புத்தகங்களைக் கெடாமல் காப்பது பற்றி. எப்போதும் மத்திய நூலகத்தில்தான் நடக்கும். அந்த வருஷம் அங்கே கூரை வேலை நடந்ததால் இந்தப் பழைய கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். செய்தியைப் பார்த்ததும் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். இதற்கு முன்பு வேறு நிகழ்ச்சிகளுக்காக இரண்டு முறை இந்தக் கட்டடத்துக்கு அழைத்தபோதும் எனக்குக் காய்ச்சல்தான் வந்தது. ஆனால் இந்த முறை நிகழ்ச்சி நிரலில் என் பெயரை அச்சடித்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பில் நான்தான் பேச வேண்டும்.

அறை அப்படியே இருந்தது. அதே உயரமான ஜன்னல்கள், அதே பூச்சி உருண்டை வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. மூலையில் மறந்துபோய்ச் சுருட்டி வைத்த ஈரத்துணியின் வாசனை. மூச்சை ஆழமாக இழுத்தால் அது இல்லை. சும்மா இருந்தால் இருந்தது.

சுவரோரம் நூல் பட்டியல் அட்டைகள் அடுக்கிய பழைய மரப்பெட்டிகள் நின்றன. எல்லாம் கணினிக்குப் போன பிறகும் யாரும் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. ஒரு இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன். முதல் அட்டையிலேயே அந்தக் கையெழுத்து. குண்டு குண்டாக, ஒன்றை ஒன்று தொடாமல் நிற்கும் எழுத்துகள்.

கமா அக்காவின் கையெழுத்து.

பட்டியல் பிரிவில் எனக்கு மூத்தவர். அவரது உண்மையான பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆசிரியர் பெயருக்குப் பின்னால் ஒரு கமா விட்டுப்போனாலும் அட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். “கமா இல்லாத பேரு பட்டன் இல்லாத சட்டை தம்பி, அவுந்துடும்” என்பார். வந்த புதிதில் ஒரே நாளில் பதினோரு அட்டைகளை எனக்குத் திருப்பினார். கோபமே வராது அவருக்கு. சிரித்துக்கொண்டே திருப்புவார்.

இழுப்பறையை மூடினேன். பெட்டியின் உள்ளேயிருந்து லேசாக ஒரு இருமல் சத்தம் கேட்டது போலிருந்தது. மரம் உராய்ந்த சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

*

ஒன்பது பேர் வந்திருந்தோம். மூன்று வரிசை நாற்காலிகள். கடைசி வரிசை காலி. தலைமை நூலகர் அம்மாதான் கூட்டத்தை நடத்தினார். எங்களுக்கு அவர் ‘மேடம்’. குறிப்பு எடுத்தவர் ஒரு பள்ளி நூலகர். சுருக்கெழுத்து படித்தவர். எழுத ஆரம்பித்தால் தலை நிமிராது. நாம் பேசி முடிப்பதற்குள் அவர் எழுதி முடித்திருப்பார் என்று எல்லோரும் கேலி செய்வோம்.

முதலில் எழுந்தவர் சிறைச்சாலை நூலகர். ஜெயில் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ஒரு சிக்கல். ஒரே பெயரில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் கொலைக் கதை எழுதுகிறவர், இன்னொருவர் குழந்தை வளர்ப்பு எழுதுகிறவர். கணினி இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது.

“பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆயிருக்குன்னு ஒருத்தன் குழந்தை வளர்ப்பு புத்தகம் கேட்டான். நம்ம ஆளுங்க எடுத்துக் குடுத்தது விஷம் வெச்சுக் கொல்ற கதை. அவன் உள்ள வந்ததே அந்தக் கேஸுலதான்” என்றார். அறையே சிரித்தது.

அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். பிறகு, பத்து வருஷமாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழிக்கலாமா என்று சூடாக ஒரு விவாதம். மேடம் கழிக்கலாம் என்றார், மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தவர் கூடாது என்றார். தேநீர் வந்தது. அப்புறம் என் முறை.

நான் பேசப் போவது எனக்கு மனப்பாடம். பதினாறு வருஷமாக அதைத்தான் பேசி வருகிறேன். புரொஜெக்டரில் முதல் படமாக, தண்ணீரில் ஊறிப் பொம்மிய புத்தகங்களின் வரிசை. இரண்டாவது படம், பூஞ்சை பிடித்துப் பச்சையும் கறுப்புமாக ஒட்டிக்கொண்ட பக்கங்கள். “இது இந்தக் கட்டடத்தோட கீழ்த்தளத்துல, இருபத்தொரு வருஷம் முன்னாடி எடுத்தது” என்றேன். “சனிக்கிழமை மத்தியானம் குழாய்ல தண்ணி நின்னுபோச்சு. யாரோ திறந்து பார்த்துட்டு மூடாம விட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமை தண்ணி வந்துடுச்சு. திங்கக்கிழமை கதவத் திறந்தா கணுக்கால் அளவுக்குத் தண்ணி. ஆயிரத்து நூத்து நாப்பது புத்தகம்.”

அங்கே ஒரு நொடி நிறுத்துவேன். பிறகு அந்த வரியைச் சொல்வேன்.

“கடைசியாப் பூட்டினவங்க கீழ இறங்கிப் பாக்கணும்னு விதி. அந்த அம்மா மேலேயே நின்னு பூட்டிட்டுப் போயிட்டாங்க. எட்டுப் படி. எட்டுப் படி இறங்கச் சோம்பல்.”

எப்போதும் போலச் சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

நடந்தது வேறு.

அந்தச் சனிக்கிழமை கீழ்த்தளத்தில் கடைசியாக இருந்தவன் நான். கை கழுவக் குழாயைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை. அதை மூடாமல், துடைக்கிற துணியைத் தொட்டியின் வடிகால் துளையிலேயே போட்டுவிட்டு மேலே ஓடினேன். ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். கமா அக்கா சாவியோடு படிக்கட்டின் மேலே நின்றிருந்தார். “கீழ எல்லாம் சரியா இருக்கா தம்பி?” என்று கேட்டார். “இருக்கு அக்கா, பூட்டிடுங்க” என்றேன். என் வார்த்தையை நம்பிப் பூட்டினார். சாவிப் பதிவேட்டில் அவர்தான் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அதிகாரிகள் முன்னால் அவர் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, குழாய மூடினியா?”

“நான் அந்தப் பக்கமே போகல அக்கா.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் பட்டியலிட்டவரை வாசலில் பை வாங்கி டோக்கன் கொடுக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள். வேலை நேரம் முடிந்ததும் தினமும் அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போவார். நனைந்த புத்தகங்களின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒற்றுத்தாள் வைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி ஈரம் எடுப்பார். யாரும் செய்யச் சொல்லவில்லை. முகமூடி கிடையாது, காற்று கிடையாது. பூஞ்சை அவருடைய நெஞ்சுக்குள் போய்விட்டது. இரண்டு வருஷம் இருமினார். அப்புறம் இறந்துபோனார்.

எனக்கு வேலை நிரந்தரமானது. அந்த வெள்ளத்தைக் காட்டித்தான் எங்கள் நூலகத்துக்குப் பாதுகாப்புப் பயிற்சிக்கு ஒரு இடம் கிடைத்தது. அதற்கும் என்னைத்தான் அனுப்பினார்கள்.

*

சாப்பாட்டுக்கு முன்னால் குறிப்பைப் படித்துக் காட்டி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது எங்கள் பழக்கம். பள்ளி நூலகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். ஜெயில் சாரின் சிக்கலைப் படித்தார். அடுத்த வரி:

“பின்வரிசை அம்மா: பிறந்த வருஷத்தைப் பேரோட சேருங்க. வருஷம் தெரியலன்னா தொழிலைச் சேருங்க. நடுவுல கமா போட மறந்துடாதீங்க. ரெண்டு பேரும் தனித்தனியா நிப்பாங்க.”

“அட, சரியான யோசனையா இருக்கே” என்றார் மேடம். “யார் சொன்னது?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கடைசி வரிசையில் நான்கு காலி நாற்காலிகள். ஒன்றின் மேல் வெயில் கட்டமாக விழுந்திருந்தது.

“நான் தலையத் தூக்கிப் பாக்கல மேடம்” என்றார் பள்ளி நூலகர். “குரல வெச்சுதான் எழுதினேன். வயசான அம்மா. கொஞ்சம் இருமிக்கிட்டே பேசினாங்க. பேரு தெரியல, அதான் பின்வரிசை அம்மான்னு போட்டேன்.”

“வாசல்ல யாராச்சும் நின்னு பேசியிருப்பாங்க. மேல படிங்கம்மா” என்றார் ஜெயில் சார்.

அவர் மேலே படித்தார். கழிவு செய்வது பற்றிய விவாதத்திலும் பின்வரிசை அம்மா ஒரு வரி பேசியிருந்தார். “பத்து வருஷம் யாரும் எடுக்கலன்னா, புத்தகம் தப்பான இடத்துல இருக்கான்னு மொதல்ல பாருங்க. அப்புறம் கழிக்கலாம்.” மருத்துவக் கல்லூரிக்காரர், “இதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார்.

அடுத்து என் பேச்சு. வெள்ளம். ஆயிரத்து நூற்று நாற்பது புத்தகம். எட்டுப் படி. “சிரிப்பு” என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்ததைக்கூடப் படித்தார். அதற்குக் கீழே வந்ததும் அவருடைய குரல் கொஞ்சம் தயங்கியது.

“பின்வரிசை அம்மா: குழாயைத் திறந்தது யாரு, தம்பி?”

ஐம்பதை நெருங்குகிற என்னை இப்போது யாரும் தம்பி என்று கூப்பிடுவதில்லை.

“பதில் என்னம்மா எழுதியிருக்கு?” என்று மேடம் கேட்டார்.

“சார் பதில் சொல்லல மேடம். அடுத்த படத்துக்குப் போயிட்டாரு. அதனால ரெண்டு வரி எடம் விட்டு வெச்சிருக்கேன்.”

எட்டு முகங்களும் என்னைப் பார்த்தன. “அப்படி ஒரு கேள்விய யாரும் கேக்கல. அத அடிச்சிடுங்க” என்றேன். பள்ளி நூலகர் பேனாவை எடுத்தார். ஆனால் அடிக்கவில்லை. “கேட்டத அடிக்க எனக்கு மனசு வரல சார். நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க, அடிச்சிடறேன்” என்றார்.

நான் எழுந்து போகவில்லை. மேடம் சாப்பிடப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

*

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போக வேண்டியதும் நான்தான். வெள்ளத்தில் கெட்டுப்போன புத்தகங்களில் நாற்பது ஐம்பதைப் பார்வைக்காக அங்கேயே வைத்திருந்தார்கள். எட்டுப் படி. எண்ணாமல் இறங்க முடியவில்லை.

வெளியே பட்டப்பகல். கீழே ஜன்னல் கிடையாது. இரண்டு குழல்விளக்குகளில் ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. மூலையில் அந்தத் தொட்டி. குழாயை எப்போதோ கழற்றி, சுவரில் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். நடுவில் நீள மேசை. அதன் மேல் புத்தகங்கள், ஒவ்வொன்றும் கல்லாக இறுகி, ஓரங்களில் பழுப்பேறிய ஒற்றுத்தாள்கள் நாக்கு நீட்டிக்கொண்டு.

பத்து நிமிஷம் விளக்கினேன். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு மேலே போனார்கள். விளக்கை அணைத்துப் பூட்டும் வேலை என்னுடையது. சுவிட்சில் கை வைத்தேன்.

தட்.

பின்னால் ஏதோ விழுந்தது என்று திரும்பினேன். எதுவும் விழவில்லை.

தட். தட்.

மெதுவான சத்தம். தாளின் மேல் உள்ளங்கையை வைத்து எடுக்கிற சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. ஒரு பக்கம் திரும்புகிற சரசரப்பு. மறுபடியும் தட்.

மேசையின் அந்தக் கோடியில் ஒரு புத்தகம் திறந்திருந்தது. சற்று முன் எல்லாம் மூடியிருந்தன. நானே எண்ணிக் காட்டியிருந்தேன். கால்கள் தாமாக அங்கே போயின.

பக்கங்களுக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு புது ஒற்றுத்தாள்.

தொட்டுப் பார்த்தேன்.

சொதசொதவென்று ஈரம். இருபத்தொரு வருஷத்துக்கு முன்பே காய்ந்துபோன புத்தகத்தில், இப்போதுதான் முக்கியெடுத்தது போல ஈரம். தாளின் நடுவில் ஓர் உள்ளங்கைத் தடம் மெல்லக் கறுத்து விரிந்துகொண்டிருந்தது.

குழல்விளக்கு ஒரு முறை அணைந்து எரிந்தது.

காதுக்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, கோபமே இல்லாத ஒரு குரல் கேட்டது.

“தம்பி… மூடினியா?”

நான் இதை எழுதும்போது எத்தனையோ விதமாக மாற்றி எழுதிப் பார்த்தேன். அழுதேன் என்று எழுதலாம். காலில் விழுந்தேன் என்று எழுதலாம். எதுவும் நடக்கவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. இருபத்தொரு வருஷமாக அங்கேயே காத்திருந்த வரி வெளியே வந்து விழுந்தது.

“நான் அந்தப் பக்கமே போகல அக்கா.”

செத்துப்போனவரிடம்கூடப் பொய் சொன்னேன்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. என் கழுத்தைப் பிடிக்கவில்லை, கத்தவில்லை. ஒரு சின்னப் பெருமூச்சு. பிறகு பக்கம் திரும்பியது. தட். தட். தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

விளக்கை அணைக்காமல், கதவைப் பூட்டாமல் ஓடினேன். எட்டுப் படியில் மூன்றாவதில் தடுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன்.

மேலே எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். என் இடம் மட்டும் பாக்கி. பள்ளி நூலகர் நோட்டை என் பக்கம் நகர்த்தினார். பேனாவை வாங்கினேன். பக்கத்தைப் பார்த்தேன்.

விட்டிருந்த இடம் நிரம்பியிருந்தது.

“பதில்: நான் அந்தப் பக்கமே போகல அக்கா.”

“இது… இத யார் எழுதினது?”

“நான்தான் சார்.” அவர் குழப்பமாக என்னைப் பார்த்தார். “நீங்க இப்பதானே சொன்னீங்க? நல்லாக் கேட்டுச்சே. ஆனா சார், நீங்க எந்தப் பக்கம் நின்னு சொன்னீங்கன்னுதான் தெரியல.”

கீழ்த்தளத்தின் கதவு அந்த அறையிலிருந்து நாற்பது அடி தள்ளி, இரண்டு சுவர்களுக்கு அப்பால் இருக்கிறது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்காலிலிருந்து ரத்தம் காலுறைக்குள் இறங்குவது தெரிந்தது. “அந்தப் பதில் பொய்” என்றேன். “குழாயத் திறந்தது நான். எல்லாம் சரியா இருக்குன்னு அக்காகிட்ட சொன்னதும் நான். எட்டுப் படின்னு சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் சிரிக்க வெச்சவனும் நான்தான்.”

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அந்த நகைச்சுவைக்குச் சிரித்த முகங்கள் தரையைப் பார்த்தன. கடைசியில் ஜெயில் சார்தான் வாயைத் திறந்தார். திட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

“என்கிட்ட இருக்கிறவனுங்ககூட ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல யார்கிட்டயாவது சொல்லிடறானுங்க சார்.”

பள்ளி நூலகரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலை நிமிரவில்லை.

*

அடுத்த வாரம் அக்காவின் வீட்டுக்காரரைத் தேடிப் போனேன். தையல்காரர். எழுபதைத் தாண்டியிருந்தார். தெருவைப் பார்த்த முன்னறையில் மிஷினில் உட்கார்ந்து ஒரு பள்ளிச் சீருடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் மிஷினை நிறுத்தினார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“அவ அன்னைக்கே சொல்லிட்டா” என்றார்.

“என்ன சொன்னாங்க?”

“திறந்தது நீங்கன்னு. மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டாளாம்.”

“அப்புறம் ஏன் அவங்க யார்கிட்டயும்…”

“‘புதுசாக் கல்யாணம் ஆன பையன், வேலை இன்னும் நிரந்தரம் ஆகல, பயந்துட்டான். ரெண்டு நாள்ல அவனே வந்து சொல்லிடுவான்’னா. நானும் சரின்னு விட்டுட்டேன்.” நூல் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி, ஊசியில் கோக்கப் பார்த்தார். “ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, வார்டு கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாப்பா. என்னைத்தான் தேடறான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லும் தகுதிகூட எனக்கு இல்லை என்று தோன்றியது. குடித்துவிட்டு வந்தேன்.

மேடம் கடிதம் எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். அக்காவின் பணிப் பதிவேட்டில் இருந்த குற்றச்சாட்டை நீக்கினார்கள். அந்தக் கீழ்த்தளத்தைச் சுத்தம் செய்து பூட்டினார்கள். அங்கே சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று காவலாளி சொன்னார். முடிந்தது என்று நினைத்தேன்.

இப்போதும் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். அதே படங்கள்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன். ‘குழாயைத் திறந்தவன் நான், மறந்துவிட்டேன், பிறகு பயந்து பொய் சொன்னேன்’ என்று சொல்கிறேன். கேட்கிறவர்கள் உருகிப்போகிறார்கள். பேச்சு முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, “எவ்வளவு துணிச்சல் சார் உங்களுக்கு” என்கிறார்கள். முன்பு அவரைக் காட்டிச் சிரிப்பு வாங்கினேன். இப்போது அவரைக் காட்டிப் பாராட்டு வாங்குகிறேன்.

போன மாதம் ஒரு கல்லூரியில் பேசினேன். காலை பதினொரு மணி, நல்ல வெளிச்சமான அரங்கம், அறுபது பேர். கேள்வி கேட்கலாம் என்றேன். நான்கைந்து கைகள் உயர்ந்தன. ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். எல்லாக் கைகளும் இறங்கின.

கடைசி வரிசையில் ஒரு கை மட்டும் உயர்ந்தே இருந்தது.

முகம் தெரியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தலை மறைத்தது. மெலிந்த மணிக்கட்டு. வெகுநேரம் தண்ணீரில் ஊறியது போல வெளுத்துச் சுருங்கிய விரல் நுனிகள். பொறுமையாக, ஆடாமல், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தூக்குவது போல நேராகத் தூக்கிய கை.

என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லாமல் விட்டது இன்னும் ஒன்று இருக்கிறது. மேடத்திடமும் சொல்லவில்லை, தையல்காரரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை.

நான் மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தேன். குளியலறைக் குழாய் காற்றை இருமிக்கொண்டு ஊற்றத் தொடங்கியது. “தண்ணி வந்துடுச்சு, வாங்க, பிடிச்சு வெக்கலாம்” என்று மனைவி கத்தினாள். அந்த நொடியே கீழ்த்தளத்துத் தொட்டியும் துணியும் என் கண் முன்னால் வந்தன. நூலகத்துக் காவலாளி வீட்டில் போன் இருந்தது. நேரில் போனாலும் ஒரு மணி நேரம். தண்ணீர் முதல் தட்டைக்கூடத் தொட்டிருக்காது. எழுந்து உட்கார்ந்தேன். இப்போது போய் நின்றால் மூடாமல் விட்டது நான்தான் என்று தெரிந்துவிடுமே என்று நினைத்தேன்.

மறுபடியும் படுத்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன்.

அரங்கத்தில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வேற கேள்வி இல்லன்னு நெனக்கிறேன்” என்றேன். “நன்றி.”

கைதட்டினார்கள். நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு, வரிசை வரிசையாக எழுந்து வெளியே போனார்கள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.

கை இறங்கவில்லை.